மழைக்காலத்தில் டென்னிஸ்: எந்த ஸ்ட்ரிங், எவ்வளவு இறுக்கம்?

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னையில் டென்னிஸ் ஆடுகிறவர்களுக்குக் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பதே முதல் வேலை. ஓர் ஆண்டில் நகரத்துக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. டிசம்பர்வரை இதே கதைதான். இரவு பெய்யும், காலையில் வெறிக்கும், மைதானத்தைத் துடைத்து ஆட ஆரம்பித்தால் பந்து மூலையில் தேங்கிய நீரில் உருண்டு ஊறி வரும். அப்போதுதான் புதிதாக ஆட வந்தவர்கள் கேட்கிறார்கள்: போன மாதம்வரை நன்றாக இருந்த மட்டை ஏன் இப்படிச் செத்துக் கிடக்கிறது? பந்து ஏன் வலையைத் தாண்ட மாட்டேன் என்கிறது? முழங்கை ஏன் வலிக்கிறது?

பெரும்பாலும் குற்றம் உங்கள் ஆட்டத்தில் இல்லை. மட்டையில் வலைபோல் பின்னியிருக்கும் நரம்பான ஸ்ட்ரிங்கிலும் அதன் இறுக்கத்திலும்தான் இருக்கிறது. இரண்டையும் மாற்றப் பெரிய செலவு ஆகாது. மழைக்காலத்துக்குச் செலவைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

மழைக்கால ஆட்டம் என்று நான் சொல்வது மூன்று நிலைமைகளைத்தான்: மழை விட்டபின் தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டு ஆடுவது, இலேசான தூறலில் தொடங்கிய செட்டை முடிப்பது, பனியும் ஈரப்பதமும் மிகுந்த அதிகாலையில் ஆடுவது. கொட்டும் மழையில் ஆட எந்த ஸ்ட்ரிங்கும் கிடையாது. சிமென்ட் தளத்தின்மேல் அக்ரிலிக் வண்ணம் பூசிய மைதானங்களில் ஈரம் இருந்தால் கால் வழுக்கும். வெள்ளைக் கோடுகள் இன்னும் மோசம். தளத்தில் உங்கள் முகம் பிரதிபலிக்கும் அளவுக்கு நீர்ப்படலம் இருந்தால் மட்டையைப் பைக்குள் வையுங்கள். இடி கேட்டால் உடனே வெளியேறுங்கள். மண் தளம் ஓரளவு ஈரத்தைத் தாங்கும், ஆனால் கால் பதிந்து பள்ளம் விழத் தொடங்கினால் அங்கும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தளத்தைச் சீர்செய்பவருக்கு அன்றைய நாள் முழுவதும் வேலை. இலண்டன் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே பல கிளப்புகளில் மணல் நிரப்பிய செயற்கைப் புல் தளம் இருப்பதால் தூறலிலும் ஆடுவார்கள். அவர்களுக்கு ஸ்ட்ரிங் பற்றிய இந்தக் குறிப்புகள் ஆண்டு முழுவதும் பயன்படும்.

ஈரம் ஸ்ட்ரிங்கை என்ன செய்கிறது?

இரண்டு இடங்களில் ஈரம் வேலை காட்டுகிறது. ஒன்று பந்து. டென்னிஸ் பந்தின் எடை 56 கிராமுக்கும் 59.4 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. மேலே ஒட்டியிருக்கும் கம்பளித் துணி நீரை உறிஞ்சியதும் அந்த எடை ஏறிவிடும். கனத்த பந்து காற்றில் மெதுவாக வரும், தாழ்வாக எழும்பும், மட்டையில் மோதும்போது கையில் அதிகமாக உதைக்கும். துணி வழுக்குவதால் சுழற்சியும் சரியாகப் பிடிக்காது.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இது பெரிய தலைவலிதான். வழக்கமாக மே, ஜூனில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன் 2020இல் கொரோனா காரணமாக செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. குளிரும் ஈரமும் சேர்ந்ததால் பந்துகள் எழும்பவில்லை; கனமாக இருக்கின்றன என்று ரஃபேல் நடாலே குறைப்பட்டுக்கொண்டார். கடைசியில் கோப்பையை வென்றவரும் அவர்தான். நிலைமைக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரியும். மட்டைக்கு வேண்டியதைச் செய்ய ஒரு குழுவே பின்னால் நின்றது. நமக்கு அந்த வசதி இல்லை, அதனால் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஸ்ட்ரிங்கே நீரைக் குடிக்கிறது. எவ்வளவு குடிக்கிறது என்பது அது எதனால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஈரப்பதக் காற்றில் நைலான் தன் எடையில் சுமார் 4 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். நீரில் ஊறவிட்டால் 8, 9 சதவீதம்வரை போகும். பாலியெஸ்டரோ அதே காற்றில் சுமார் 0.4 சதவீதம் மட்டுமே. பத்தில் ஒரு பங்கு. மழைக்கால ஸ்ட்ரிங் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும். ஈரம் ஏறிய நைலான் இளகி நீளும், இறுக்கம் இறங்கும். மாட்டுக் குடலில் செய்த ஸ்ட்ரிங் ஊறிப் பருத்து, நார் பிரிந்து, அறுந்தே போகும்.

மண் தளத்தில் மூன்றாவதாக ஓர் எதிரியும் உண்டு: ஈர மண். பந்தில் ஒட்டிய பொடிமணல் ஸ்ட்ரிங்குகள் ஒன்றையொன்று தாண்டும் இடங்களில் போய்ச் சிக்கும். ஒவ்வோர் அடிக்கும் ஸ்ட்ரிங் நகர்ந்து திரும்பும்போது அந்த மணல் அதை அறுத்துக்கொண்டே இருக்கும்.

கடையில் கிடைப்பவை

மட்டையில் மேலிருந்து கீழாக ஓடும் ஸ்ட்ரிங்குகளை மெயின் என்பார்கள், அவற்றுக்குக் குறுக்கே பின்னப்படுபவை கிராஸ். தறியில் பாவும் ஊடையும் போல. பாவாக நிற்கும் மெயின்தான் பந்தின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது, முதலில் அறுவதும் அதுவே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வகைகளைப் பாருங்கள்.

நேச்சுரல் கட் என்னும் குடல் ஸ்ட்ரிங்தான் இருப்பவற்றில் மூத்தது. பிரான்சின் லியோன் நகரில் பபோலா நிறுவனம் 1875இலேயே டென்னிஸுக்காக இதைச் செய்யத் தொடங்கிவிட்டது. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்று சென்னையைத் தலைநிமிர வைத்த ராமநாதன் கிருஷ்ணன் ஆடிய காலத்தில் முன்னணி வீரர்களின் மர மட்டைகளில் இருந்தது இந்தக் குடல் ஸ்ட்ரிங்தான். மரச்சட்டமும் ஈரத்தில் வளைந்துவிடும் என்பதால், ஆடி முடித்ததும் மட்டையை நான்கு மூலையும் திருகிய மரப்பிடிக்குள் இறுக்கி வைப்பார்கள். இன்றும் குடல் ஸ்ட்ரிங்குக்கு இணையான மென்மையும் துள்ளலும் வேறு எதிலும் கிடையாது. பீட் சாம்ப்ராஸ் தன் வெற்றிகளை எல்லாம் இதை வைத்தே குவித்தார். ரோஜர் ஃபெடரர் நீண்ட காலம் மெயினில் இதையும் கிராஸில் பாலியெஸ்டரையும் போட்டு ஆடினார்.

ஆனால் மழைக்காலத்தில் புதியவர்கள் இதைத் தொடவே வேண்டாம். விலை ஆயிரங்களில் இருக்கிறது. இப்போது வருபவற்றின்மேல் நீர் புகாத பூச்சு இருப்பது உண்மைதான். கொஞ்சம் ஈரப்பதத்தைத் தாங்கும். ஆனால் சில நாள் ஆட்டத்திலேயே ஸ்ட்ரிங்குகள் உரசும் இடங்களில் அந்தப் பூச்சு தேய்ந்துவிடும். அதன்பின் அங்கே நுழையும் ஒவ்வொரு துளி நீரும் நாரைப் பிரிக்கும். உங்களுக்கு யாராவது அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால், உறையைப் பிரிக்காமல் பொங்கல்வரை வைத்திருங்கள்.

மல்டிஃபிலமென்ட் என்பது மெல்லிய நைலான் இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்த்து முறுக்கியது. குடலின் மென்மையைக் குறைந்த விலையில் தர வந்த வகை. டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ், வில்சன் என்.எக்ஸ்.டி. போன்றவை பெயர்பெற்றவை. முழங்கை வலி உள்ளவர்களுக்கு வெயில்காலத்தில் நான் பரிந்துரைக்கும் முதல் பெயர் இந்த வகைதான். மழைக்காலத்தில் இதன் பலமே பலவீனமாகிவிடுகிறது: இழைகள் அதிகம், இடுக்குகள் அதிகம், ஈரம் புக வழி அதிகம். மேல்தோல் கிழிந்துவிட்டால் மணல் உள்ளே போய் மளமளவென்று பிரிந்துவிடும்.

சிந்தெட்டிக் கட் என்று விற்பது, நடுவில் ஒரே தடித்த நைலான் கம்பியும் அதைச் சுற்றி மெல்லிய உறையும் உள்ள எளிய ஸ்ட்ரிங். பெயரில் கட் இருந்தாலும் குடலுக்கும் இதற்கும் உறவில்லை. பிரின்ஸ் சிந்தெட்டிக் கட், கோசென் ஓ.ஜி. ஷீப் மைக்ரோ என்று பல காலமாக விற்பனையில் இருப்பவை இந்த வகை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இதுவும் நைலான்தான், இதுவும் ஈரம் குடிக்கும். ஆனால் நடுவில் இருப்பது ஒரே கம்பி என்பதால் நார் நாராகப் பிரிவதில்லை. இறுக்கம் இறங்கும், அவ்வளவுதான். விலை குறைவு என்பதால் பருவமழை முடிவதற்குள் இரண்டாம் முறை மாற்றினாலும் மனம் பதறாது. இந்தக் காரணத்துக்காகவே ஆட வந்து ஓராண்டுகூட ஆகாதவர்களுக்கு என் முதல் தேர்வு இது.

பாலியெஸ்டர் ஈரத்தைப் பொருட்படுத்தாத வகை. 1997இல் தரவரிசையில் 66ஆம் இடத்தில் இருந்த பிரேசிலின் குஸ்தாவோ குயெர்டன், பெல்ஜியத்தின் லக்ஸிலான் பாலியெஸ்டரைப் போட்ட மட்டையுடன் பிரெஞ்சு ஓப்பனை வென்றதுதான் இதன் திருப்புமுனை. அதன்பின் தொழில்முறை டென்னிஸே மாறிவிட்டது. நடால் பல ஆண்டுகள் ஆடிய பபோலா ஆர்.பி.எம். பிளாஸ்ட், லக்ஸிலான் அலு பவர், சொலிங்கோ ஹைப்பர்-ஜி, யோனெக்ஸ் பாலி டூர் புரோ எல்லாம் இந்தக் குடும்பம். வழுவழுப்பாக இருப்பதால் அடிக்கும்போது மெயின் பக்கவாட்டில் சறுக்கி உடனே தன் இடத்துக்குத் திரும்பும். சுழற்சி அதனால்தான் கிடைக்கிறது. நனைந்தாலும் இந்தக் குணம் பெரிதாகக் குறைவதில்லை. நனைந்த நைலான் மெயின்களை ஒவ்வோர் அடிக்குப் பிறகும் விரலால் நேர்செய்ய வேண்டியிருக்கும்; பாலியெஸ்டரில் அந்த வேலை இல்லை.

அப்படியானால் எல்லாரும் பாலியெஸ்டர் போட்டுவிடலாமே? கூடாது. அது விறைப்பானது. முழு வீச்சில் வேகமாக மட்டையைச் சுழற்றுபவர்களுக்குத்தான் அது வளைந்துகொடுக்கும். மெதுவாக, பாதி வீச்சில் அடிப்பவரின் கைக்கு அந்த அதிர்வு முழுதாகப் போய்ச் சேரும். அதோடு கனத்த ஈரப் பந்தும் சேர்ந்தால் முழங்கை தாங்காது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழு பாலியெஸ்டர் போட்டுக் கொடுக்கும் பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது: மழைக்காலத்தில் மட்டுமல்ல, எந்தக் காலத்திலும் அவசரப்பட வேண்டாம். தொலைக்காட்சியில் பார்க்கும் வீரர் கையில் இருப்பது அன்றைக்குக் காலையில் புதிதாகக் கட்டிய மட்டை, பையில் அதேபோல் இன்னும் ஆறேழு இருக்கும். நம் பிள்ளையின் மட்டையில் அதே ஸ்ட்ரிங் மாதக்கணக்கில் கிடந்து உயிர் போன பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். உயிர் போன பாலியெஸ்டர் கைக்குச் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

உங்களுக்கு எது?

மூன்று கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். முழங்கையிலோ தோளிலோ வலி உண்டா? ஓங்கி அடிக்கும்போது மட்டை தோளுக்கு மேலே போய் முடிகிறதா, அல்லது பந்தைத் தொட்டதும் நின்றுவிடுகிறதா? வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்கள்?

வலி இருந்தால் சிந்தெட்டிக் கட். வேறு யோசனையே வேண்டாம். மல்டிஃபிலமென்ட் இன்னும் மென்மை என்றாலும், ஈரத்தில் பணம் வீணாகும். நல்ல வெயில் நாளுக்கு ஒரு மட்டையும் ஈர நாளுக்கு ஒரு மட்டையும் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் வெயில் மட்டையில் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

வலி இல்லை, ஆனால் வீச்சு இன்னும் பாதியில் நிற்கிறது என்றாலும் சிந்தெட்டிக் கட்டே. பயிற்சியாளரிடம் ஓராண்டாவது கற்று, முழு வீச்சு வந்து, வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆடுபவர் என்றால் கலவையாகப் போடலாம்: மெயினில் மென்மையான பாலியெஸ்டர், கிராஸில் சிந்தெட்டிக் கட். ஈரத்தில் முதலில் அடிவாங்கும் மெயின் தாக்குப்பிடிக்கும். குறுக்கே ஓடும் நைலான் விறைப்பைக் கொஞ்சம் தணிக்கும். மழைக்காலத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது. முழு பாலியெஸ்டர், ஸ்ட்ரிங்கை இரண்டு மூன்று வாரத்தில் அறுத்துத் தள்ளும் அளவுக்கு அடிப்பவர்களுக்கு மட்டும்.

உருண்டையாக இல்லாமல் ஐந்து முனை, ஆறு முனை உள்ள பாலியெஸ்டர்கள் ஈரப் பந்தை நன்றாகப் பிடிக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். முனைகள் புதிதாக இருக்கும்வரை கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். மண் ஒட்டிய பந்தில் அவை தேய நாளாகாது. உருண்டையானதே போதும்.

தடிமன்

உறையில் 16, 17 என்று ஓர் எண்ணும் 1.30, 1.25 என்று மில்லிமீட்டர் கணக்கும் இருக்கும். முதல் எண் கூடக்கூட ஸ்ட்ரிங் மெலியும். 16 என்பது ஏறத்தாழ 1.30 மில்லிமீட்டர், 17 என்பது 1.25. மெல்லியது பந்தை நன்றாகக் கவ்வும், சீக்கிரம் அறும். ஈரத்தில் நைலான் போடுவதானால் 1.30க்குக் கீழே போக வேண்டாம். பாலியெஸ்டருக்கு 1.25 சரியாக இருக்கும்; அது எளிதில் அறுவதில்லை, மெல்லியதாக இருந்தால் கைக்கும் நல்லது.

இறுக்கம்தான் முக்கியம்

ஸ்ட்ரிங்கின் பெயரை முடிவு செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொள்பவர்கள், எவ்வளவு இறுக்கம் என்று கேட்டால் "வழக்கம்போல் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஈரப் பந்தைப் பொறுத்தவரை ஸ்ட்ரிங்கின் பெயரைவிட இறுக்கமே அதிகம் பேசும்.

உங்கள் மட்டைச் சட்டத்தின் உட்புறத்திலோ கழுத்துப் பகுதியிலோ 50–60 என்பதுபோல் ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். அது பவுண்டு கணக்கு. சிலவற்றில் கிலோவும் இருக்கும். ஒரு கிலோ சுமார் 2.2 பவுண்டு. வெயில்காலத்தில் நைலானுக்கு அந்த வரம்பின் நடுப்பகுதி, அதாவது 54, 55 பவுண்டு, நல்ல தொடக்கம். இறுக்கம் குறைந்தால் ஸ்ட்ரிங் படுகை, அதாவது மெயினும் கிராஸும் சேர்ந்த பரப்பு, அதிகமாக உள்வாங்கிப் பந்தை ஆழமாகத் தள்ளும், கையில் உதைப்பு குறையும். இறுக்கம் கூடினால் பந்து உங்கள் சொல் கேட்கும், ஆனால் தூரம் போக நீங்கள்தான் பலம் கொடுக்க வேண்டும். கனத்த, மெதுவான ஈரப் பந்துக்கு நமக்குத் தேவை முன்னது. ஆகவே மழைக்காலத்தில் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு குறைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நைலான் ஈரத்தில் தானாகவே இறங்கும் என்று பார்த்தோம். அதனால் அதில் ஒன்று, இரண்டு பவுண்டு குறைத்தால் போதும். 54 போட்டவர் 52 போடுங்கள். மீதி வேலையை மழையே செய்துவிடும். பாலியெஸ்டர் ஈரத்தால் இறங்காது. ஆனால் அதன் விறைப்புக்காக நைலானைவிட ஐந்து பவுண்டாவது குறைத்தே தொடங்க வேண்டும். மழைக்கு இன்னும் இரண்டு பவுண்டு குறைத்து 46–48 என்று வையுங்கள். மட்டையில் அச்சிட்ட வரம்புக்குக் கீழே போகிறதே என்று பயப்பட வேண்டாம். இரண்டு முதல் நான்கு பவுண்டு கீழே போவதால் சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது; மேல் வரம்பைத் தாண்டுவதுதான் ஆபத்து.

குறைத்தபின் வெயில் அடித்துத் தளம் காய்ந்த நாளில் உங்கள் பந்துகள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகும். அதற்காக மறுபடி கடைக்கு ஓட வேண்டாம். அன்றைக்குச் சற்று அதிகமாகச் சுழற்சி கொடுத்து ஆடுங்கள். இரண்டு மட்டை வைத்திருப்பவர்கள் மூன்று பவுண்டு இடைவெளியில் இரண்டையும் கட்டி வைத்துக்கொண்டால் தளத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

கட்டிங் போடும் கடையில்

ஊரில் கட்டிங் போடுபவர்கள், அதாவது மட்டைக்கு ஸ்ட்ரிங் கட்டித் தருபவர்கள், பெரும்பாலும் பூப்பந்து மட்டைகளையே அதிகம் பார்ப்பவர்கள். டென்னிஸ் மட்டைக்கு அவர்களிடம் விவரமாகச் சொன்னால் நன்றாகவே செய்து தருவார்கள். இப்படிச் சொல்லலாம்: "அண்ணா, மெயினில் இந்தப் பாலியெஸ்டர், 47 பவுண்டு. கிராஸில் சிந்தெட்டிக் கட், 49 பவுண்டு. நான்கு முடிச்சாகப் போடுங்கள். ஓரத்து பிளாஸ்டிக் உடைந்திருந்தால் சொல்லுங்கள்." கலவையில் கிராஸ் நைலானை இரண்டு பவுண்டு கூட்டிப் போடுவது வழக்கம். ஒரு மட்டைக்கு ஏறத்தாழ 12 மீட்டர் ஸ்ட்ரிங் வேண்டும். கலவைக்கு ஒவ்வொன்றிலும் பாதி போதும். இரண்டு பாக்கெட் வாங்கினால் மீதியில் அடுத்த முறைக்கும் ஆகிவிடும். மீந்ததைச் சுருட்டிக் காற்றுப் புகாத பையில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஓரத்து பிளாஸ்டிக் என்றது சட்டத்தின் துளைகளில் ஸ்ட்ரிங் உரசாமல் இருக்கப் பொருத்திய பட்டையை. குரோமெட் என்பார்கள். அது வெடித்திருந்தால் கார்பன் சட்டத்தின் கூரான விளிம்பு ஸ்ட்ரிங்கை நேராக அறுக்கும். புது ஸ்ட்ரிங் ஓரத்தில், துளைக்குப் பக்கத்தில் அறுந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எந்த எந்திரம் வைத்திருக்கிறார் என்பதைவிட, எப்போதும் ஒரே ஆளிடம் போடுவது முக்கியம். ஒருவர் போடும் 50 இன்னொருவர் போடும் 50 ஆக இருக்காது. ஒரே ஆளிடம் போட்டால்தான் இரண்டு பவுண்டு குறைத்ததன் பலன் உங்களுக்குத் தெரியும்.

ஆடும்போது

கைப்பிடியை மறந்துவிட்டு ஸ்ட்ரிங்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஈரத்தில் மட்டை கையில் திரும்பினால், நடுவில் பட வேண்டிய பந்து ஓரத்தில் படும். ஓர அடியில்தான் ஸ்ட்ரிங் அறும், முழங்கையும் நோகும். கைப்பிடியின்மேல் சுற்றும் பட்டையான ஓவர்கிரிப்பில், வியர்வை பட்டால் பிடிப்பு கூடும் உலர்வகைகள் கிடைக்கின்றன. டூர்னா கிரிப் அவற்றில் பழையது, நம்பகமானது. பையில் இரண்டு சுருளும் உலர்ந்த துண்டும் இருக்கட்டும்.

பந்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால், கம்பளி இறுக்கமாக நெய்யப்பட்ட, மண் தளத்துக்கென்று விற்கும் வகை ஈரத்தையும் மண்ணையும் குறைவாகவே ஏற்கும். சிமென்ட் தளத்தில் அது சீக்கிரம் மொட்டையாகிவிடும் என்பதால் ஈர நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊறிய பந்தை உலர்ந்த பந்துகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். மண் தளத்தில் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் துண்டால் ஸ்ட்ரிங் படுகையை இரண்டு பக்கமும் ஒருமுறை ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் மணல் இடுக்குக்குள்தான் போகும்.

ஆடி முடித்ததும்

ஈர மட்டையை அப்படியே பைக்குள் திணித்து வண்டியில் மாட்டிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படுகிறது. ஸ்ட்ரிங்கின் ஆயுளைப் பாதியாக்க இதைவிட எளிய வழி இல்லை.

மைதானத்திலேயே இரண்டு நிமிடம் செலவிடுங்கள். உலர்ந்த துணியின் ஒரு முனையை விரலில் சுற்றி, ஸ்ட்ரிங் சட்டத்துக்குள் நுழையும் துளைகளை ஒவ்வொன்றாக ஒற்றுங்கள். நீர் அங்கேதான் தேங்கி நிற்கும். தலைப்பகுதி கீழே இருக்குமாறு மட்டையைப் பிடித்து உள்ளங்கையால் சட்டத்தை மெல்லத் தட்டினால் உள்ளே புகுந்த நீர் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். நன்றாக நனைந்திருந்தால் பழைய ஓவர்கிரிப்பைக் கழற்றிவிடுங்கள். ஈர ஓவர்கிரிப்புக்கு அடியில் இருக்கும் மூலக் கைப்பிடி நாறிப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக் காற்றில், நேர் வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். முடி உலர்த்தும் எந்திரத்தைக் கொண்டு சூடேற்ற வேண்டாம். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் மட்டையை விட்டுவிடுவதும் கூடாது. மழைக்கு நடுவே வரும் சென்னை வெயில் மூடிய காருக்குள் நைலானையும் பாலியெஸ்டரையும் சேர்த்தே இளக்கிவிடும்.

எப்போது மாற்றுவது?

வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ ஆண்டுக்கு அத்தனை முறை மாற்ற வேண்டும் என்பது பழைய கணக்கு. வெயில்காலத்து நைலானுக்கு அது சரி. பருவமழை மூன்று மாதங்களுக்கு அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். மட்டையின் நடுவில் பந்து அதிகம் படும் இடத்தில் ஒரு மெயினைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். அது கிராஸைத் தாண்டும் இடத்தில் இலேசான வெட்டுத்தடம் தெரியும். தடம் ஸ்ட்ரிங்கின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றிருந்தால் அடுத்த ஆட்டத்தில் அறும். உறை உரிந்து முடிபோல் பிசிறு நின்றால் அந்த இடத்தில் ஈரம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று பொருள்.

பாலியெஸ்டர் அறும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டிய முதல் நாளிலேயே அது கணிசமாக இறங்கிவிடும், அதன்பின் துள்ளலும் மெல்லப் போய்விடும். தள்ளிய மெயின் தானாகத் திரும்பாமல் அங்கேயே நின்றால், பந்து இலக்கில்லாமல் பறந்தால், கையில் மந்தமான உதைப்பு வந்தால், ஒரு கிராம்கூடத் தேயாமல் இருந்தாலும் வெட்டி எறிய வேண்டியதுதான். சுமார் இருபது மணி நேர ஆட்டத்துக்குமேல் அதை வைத்திருக்காதீர்கள்.

அறுந்துபோனால் உடனே மற்ற ஸ்ட்ரிங்குகளையும் வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் இறுக்கமும் ஒரு பக்கம் தளர்ச்சியுமாக இருந்தால் சட்டம் கோணிக்கொள்ளும். நடுவில் இருந்து தொடங்கி, ஒரு மெயின், அதையடுத்த கிராஸ் என்று மாற்றி மாற்றி வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள். இதற்கென்று ஒரு சிறிய கத்தரிக்கோல் மட்டைப் பையில் எப்போதும் கிடக்கட்டும்.